மூண்டு மீற்றர் ஈயப் பெட்டியில் ஏறி இருந்த கதை

யுத்த காலத்துக் கொழும்பில், கையில் ஒரு குண்டூசிகூட இல்லாமல், ஒரு சோதனைச்சாவடி முழுவதையும் பின்வாங்க வைத்த தமிழர் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே கூரையின் கீழ் பல வருசம் குடியிருந்தவன் என்ற முறையில் இதைத் துணிந்து சொல்கிறேன். மறுப்பவர்கள் வரலாம், ஆறுதலாக இருந்து கதைப்போம்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாங்கள் அறை எடுத்துத் தங்கியிருந்த போடிங் இருந்தது. அங்கே அவருக்குப் பெயர் ‘மூண்டு மீற்றர்’. முகத்துக்கு நேரே ‘அண்ணை’. தாய் தகப்பன் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. விடியற்காலையில் வீட்டைச் சுற்றிவளைக்கும் ரவுண்டப் வந்து, எங்களை ஒழுங்கையில் வரிசையாக நிறுத்திப் பொலிஸ்காரர் பெயர் வாசிக்கும்போது மட்டும் அது எங்கள் காதில் விழும். அந்த வரிசையிலும் அவர் முன்னால் நிற்பவரை விட்டு எட்டத்தான் நிற்பார். வரிசை முடிந்துவிட்டதா, இவர் வேறு வரிசையா என்று பொலிஸ்காரருக்கே குழப்பம் வரும்.

அவருடைய உத்தியோகம் அப்படிப்பட்டது. ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்குப் பாவித்துக் கழித்த கதிரியக்கச் சாமான்கள், தொழிற்சாலை மெசின்களுக்குள் இருந்து கழற்றியவை என்று, தொட்டால் கெடுதி செய்யும் கழிவுகளை ஈயப் பானைக்குள் அடைத்து, பானையை மரப்பெட்டிக்குள் இறுக்கி, ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட்டுகளுக்கு நடுவே இருந்த களஞ்சியத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நான் அதே காரியாலயத்தில் வாகனப் பிரிவு. அவருக்கு வான் ஒழுங்குபண்ணிக் கொடுப்பது என் வேலை. வீட்டிலும் பக்கத்து அறை, வேலையிலும் பக்கத்து மேசை. ஆனபடியால் அவரைப் பற்றிப் புளுகுவதற்கு எனக்கு உள்ள உரிமை வேறு ஒருவருக்கும் கிடையாது.

கதிரியக்கத்தோடு புழங்குகிறவனுக்கு மூன்று விதி சொல்லிக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் நில். எட்ட நில். நடுவில் ஒரு மறைப்பு வை. நல்ல விதிகள்தான். எங்கள் ஆள் என்ன செய்தார் என்றால், அவற்றை மனிதருக்கும் அமுல்படுத்திவிட்டார். யார் கிட்டப் போனாலும் உள்ளங்கையைக் காட்டி, “அதில நில்லும். மூண்டு மீற்றர் தூரம் காணும்” என்பார். கல்யாண வீடுகளில் மணவறைக்கு எட்ட நின்று அறுகரிசி எறிவார். அவர் எறிந்த அரிசி இதுவரை ஒரு மாப்பிள்ளைமேலும் விழுந்ததாகத் தகவல் இல்லை. மேளம் ஓய முந்தி அவர் பஸ்ஸில் இருப்பார், அது நேரம் என்ற விதி. யாராவது பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து ஊர்க்கதை தொடங்கினால் பேப்பரை அகல விரித்து நடுவில் பிடிப்பார், அது மறைப்பு.

ஏன் அண்ணை இப்படி என்று ஒருநாள் கேட்டேன். வேலை உடுப்பில் ஏதாவது ஒட்டியிருந்தால் மற்றவர்களுக்கு ஏன் கரைச்சல் என்றார். ஆனால் பின்னேரம் வேலை முடியும்போது தன்னுடைய கதிர் அளக்கும் மீற்றர் கருவியால் உச்சி முதல் உள்ளங்கால்வரை தன்னைத் தானே தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒருநாளும் ஒன்றும் ஒட்டியிருந்ததில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் தள்ளியே இருந்தார்.

எங்கள் போடிங் ஒரு பஸ் தரிப்பிடம் மாதிரி. ஏஜென்சிக்காரன் இன்றைக்கு அனுப்புவான், நாளைக்கு அனுப்புவான் என்று கனடாவுக்கும் லண்டனுக்கும் காத்திருக்கும் ஆட்கள் வருவார்கள், போவார்கள். வீட்டுக்கார அன்ரி பொலிஸில் பதியும் பெயர்கள் மாதத்துக்கு மாதம் மாறும். மாறாமல் இருந்தது மூண்டு மீற்றர் ஒருவர்தான். அவருக்குத் தாய் தகப்பன் போய்விட்டார்கள். ஊர் வீடு இருந்த இடம் இராணுவ வேலிக்குள் அகப்பட்டுவிட்டது. தமையன்மார் இருவர் வெளிநாட்டில், வருசத்தில் ஒரு வாழ்த்துக் காட் போடுவார்கள், அதுவும் சில வருசம் வராது. ஆட்கள் புறப்படும்போது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று கட்டிப்பிடித்து அழுவோம். அவர் மேல்மாடி யன்னலில் நின்று கையை அசைப்பார்.

கல்யாண முயற்சியே நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு தரகர் விடாப்பிடியாக நின்று கிருலப்பனையில் ஒரு இடம் கொண்டுவந்தார். பெண்ணின் தகப்பன் மலாயாப் பென்சன்காரரின் மகன், நல்ல குடும்பம். துணைக்கு நானும் போனேன். உத்தியோகம் என்ன என்று கேட்டதும் எங்கள் ஆள் ஒன்றும் மறைக்காமல் விளக்கினார். தகப்பனுடைய முகம் மாறியது. அதைக் கண்டவர், பயப்பட ஒன்றும் இல்லை என்று நிரூபிப்பதற்காகப் பையிலிருந்து மீற்றர் கருவியை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். அது எப்போதாவது ஒருதரம் ‘டிக்’ என்றது. இதுதான் சுத்தமான மனுசனின் சத்தம் என்றார். பெண் கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. காரியம் சரி என்று நினைத்தேன்.

சும்மா விட்டாரா? கருவியை அணைக்காமல் எழும்பியவர், சுவரில் தொங்கிய பழைய மணிக்கூட்டுக்குக் கிட்டப் போனதும் அது அலறத் தொடங்கியது. இருட்டில் முள் பச்சையாக மின்னும் பழங்காலத்து மணிக்கூடு, பெண்ணின் பாட்டனார் மலாயாவில் இருந்து கொண்டுவந்தது. அந்தப் பச்சை மைக்குள் ரேடியம் இருந்திருக்கிறது. வந்த காரியத்தை மறந்து, இதை உடனே அகற்ற வேண்டும், நாளைக்கே வான் கொண்டுவந்து ஈயப் பானையில் ஏற்றிப் போகிறேன் என்று நின்றார். தகப்பன் எழும்பி, மணிக்கூடு இருக்கும், மாப்பிள்ளைதான் போகலாம் என்றார். தேத்தண்ணி வரமுந்தி நாங்கள் ஹைலெவல் வீதியில் நின்றோம். வீட்டுக்குப் போகும்வரை அவர் மணிக்கூட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினவர், இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலைகளில் காலி வீதியில் இருந்த கொமியூனிகேஷன் கடையில் எங்கள் ஆட்கள் கூடுவார்கள். வெளிநாட்டுக் கோல் வரும், கடைக்காரப் பெடியன் பெயரைக் கூப்பிடுவான், கூப்பிட்டவர் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடுவார். மூண்டு மீற்றரும் அயன் பண்ணிய சேட் போட்டுக்கொண்டு வந்து கடைசிக் கதிரையில் இருப்பார். அவருடைய பெயரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆருக்காகப் பாக்கிறீங்கள் அண்ணை என்று கேட்டால், “இஞ்ச ஃபான் இருக்கு. போடிங்கில சரியான வெக்கை” என்பார்.

இனி சிறிபாலவைச் சொல்கிறேன். எங்கள் வான் சாரதி, பியகமப் பக்கத்துச் சிங்களப் பெடியன், உலகத்தில் உள்ள பயங்கொள்ளிகளுக்கு எல்லாம் தலைவன். பெட்டி பின்னால் ஏறிவிட்டால் அவன் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்ட, மூக்கு கண்ணாடியில் உரச ஓடுவான். எட்ட இருக்க வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடிக்கிறானாம். அவனுக்கு ஒரு பிள்ளை, இன்னொன்று வேண்டும் என்று மனைவி நேர்த்தி வைத்திருந்தாள். கதிர் பட்டால் ஆண்மை போய்விடும் என்று எவனோ ஒருவன் அவன் காதில் ஓதிவிட்டான். ஈயம்தான் தடுக்கும் என்று கேள்விப்பட்டு, நீர்கொழும்பில் மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி, மனைவியைக்கொண்டு களிசான் இடுப்பில் உள்ளுக்குள் வைத்துத் தைத்துவிட்டான். நடக்கும்போது கிலுகிலு என்று கேட்கும். அந்தக் குண்டுகளால் ஒரு பயனும் இல்லை, அவை இல்லாமலும் ஒரு பயமும் இல்லை என்று மூண்டு மீற்றர் சிங்களத்தில் அவனுக்குப் பலமுறை பாடம் எடுத்தார். அவன் பக்தியோடு கேட்டுவிட்டு, அடுத்த வாரம் இன்னும் இரண்டு குண்டு சேர்த்தான்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தனியார் மருத்துவமனை பூட்டிக் கிடந்தது. வைத்தியர் எப்போதோ இறந்துவிட்டார். வீட்டை விற்க வந்த மகன் இரும்பு அலுமாரியைத் திறந்தபோது உள்ளே ஒரு ஈயப் பானை. பானைக்குள் அந்தக் காலத்தில் புற்றுநோய்க் கட்டிகளில் குத்தி வைக்கும் ரேடியம் ஊசிகள். நல்ல காலம், மூடியில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு அந்த மனிதர் எங்களுக்கு அறிவித்தார்.

ஒருநாள் காலை நாங்கள் மூவரும் போனோம். மூண்டு மீற்றர் பானையை மரப்பெட்டிக்குள் வைத்து, அசையாமல் சுற்றிவரக் கட்டை அடித்து, வானின் கடைசிப் பின்பக்கத்தில் இரண்டு மணல் மூட்டைகளுக்கு நடுவே கயிற்றால் கட்டினார். மூன்று இதழ் போட்ட மஞ்சள் அடையாளத்தை வானின் இரண்டு பக்கமும் பின்னாலும் ஒட்டினார். கருவியால் சுற்றிவர அளந்தார். பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம், ஆகையால் மூவரும் முன்னாலே நெருக்கிக்கொண்டு இருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருகொடவத்தைக்கு எவ்வளவு தூரம்? பாட்டுக் கேட்கத் தொடங்கினால் முடிய முந்திப் போய்விடலாம்.

கிராண்ட்பாஸ் தாண்டும்போது கோட்டைப் பக்கமாக ஒரு சத்தம். வான் கண்ணாடி அதிர்ந்தது. அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. வாகனங்கள் நின்றன. முன்னால் இருந்த சோதனைச்சாவடியில் சிப்பாய்கள் வீதிக்குக் குறுக்கே தடுப்பை இழுத்தார்கள். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள்.

அடையாள அட்டை பார்த்தார்கள். இரண்டு தமிழர், ஒரு சிங்களவர், ஒரு பெட்டி. தமிழர் இருவரையும் விட்டுவிட்டு முதலில் அகப்பட்டவன் சிறிபாலதான். இடுப்பைத் தடவிய சிப்பாயின் கையில் வரிசையாகக் குண்டுகள் தட்டுப்பட்டன. அவன் துவக்கை நீட்ட, சிறிபால கையைத் தூக்கிக்கொண்டு, தன் குடும்ப நிலைமை, மனைவியின் நேர்த்தி, இரண்டாவது பிள்ளை எல்லாவற்றையும் வீதியில் வைத்து உரத்த குரலில் ஒப்புவித்தான். சிப்பாய்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுடைய இளம் அதிகாரிகூட வாயைப் பொத்திக்கொண்டார். தப்பினோம் என்று மூச்சு விட்டேன்.

அதிகாரி பின்னால் என்ன என்று கேட்டார். மூண்டு மீற்றர் அழகான சிங்களத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆஸ்பத்திரிச் சாமான், ஈயத்துக்குள் இருக்கிறது, திறக்காதவரை ஆபத்து இல்லை, திறக்க மட்டும் வேண்டாம். திறக்காமல் எப்படி நம்புவது என்றார் அதிகாரி. நியாயமான கேள்வி. மூண்டு மீற்றர் கிருலப்பனையில் விட்ட அதே பிழையை இங்கேயும் விட்டார். வெளியில் இருந்தே நிரூபிக்கிறேன் என்று சொல்லி, பையிலிருந்து கருவியை எடுத்துப் பெட்டிக்குக் கிட்டப் பிடித்து ஆளியைத் தட்டி இயக்கினார்.

டிக். டிக். டிக்டிக்டிக்.

நகரத்தில் குண்டு வெடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகாத வீதியில், இரண்டு தமிழர் கொண்டுவந்த பெட்டிக்குப் பக்கத்தில், டிக்டிக் என்று சத்தம். முழுச் சோதனைச்சாவடியும் நிலத்தில் விழுந்து படுத்துக்கொண்டது. மூண்டு மீற்றருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சத்தம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஆறுதல் சொன்ன சத்தம். படுத்திருப்பவர்களுக்கு வடிவாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து, பாவி மனுசன், அதைக் கூட்டிவிட்டார்.

பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. என்னைச் சுவரோடு முட்டுக்காலில் இருத்தினார்கள். அவரிடமிருந்து கருவியைத் தட்டிவிட்டு, வானடியிலிருந்து இழுத்து வந்து என் பக்கத்தில் இருத்தினார்கள். சனத்தை விரட்டினார்கள். வோக்கிடோக்கியில் குண்டு அகற்றும் பிரிவைக் கூப்பிட்டார்கள். காரியாலயத்துக்குக் கோல் எடுத்துக் கேளுங்கள் என்று நான் கெஞ்சினேன். எடுத்தும் பார்த்தார்கள். லைன் ஒன்றும் வேலை செய்யவில்லை. கடைசியில் அதிகாரி தன் ஆட்களுக்குச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது: பெட்டியைத் தொட வேண்டாம், இருந்த இடத்திலேயே வைத்து வெடிக்க வைக்கப் போகிறார்கள்.

மூண்டு மீற்றருடைய முகத்தில் இரத்தம் வற்றியதை அன்றுதான் கண்டேன். வான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஏழைச் சனங்கள் நெருங்கிக் குடியிருக்கும் ஒரு தோட்டம். சுவரோடு சுவர் ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள், நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர் பிடிக்கும் பெண்கள், வாசல்களில் பிள்ளைகள். பெட்டியை வெடிக்க வைத்தால் ஊசிகள் உடைந்து ரேடியம் தூளாய்ப் பறக்கும். கூரையில் படியும், குழாயில் படியும், பிள்ளைகள் விளையாடும் மண்ணில் படியும். அது மழைக்குக் கழுவுப்பட்டுப் போகும் சாமான் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே கிடக்கும். அவர் இதை அதிகாரிக்கு எடுத்துச் சொன்னார். அதிகாரி கேட்கும் நிலையில் இல்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அன்றைக்கு அவருடைய ஆட்கள் எத்தனை பேர் கோட்டையில் நின்றார்களோ.

மூண்டு மீற்றர் எழும்பினார். நில் என்று கத்தினார்கள். துவக்குகள் நிமிர்ந்தன. அவர் ஓடவில்லை. கோயிலுக்குள் போகிறவர் மாதிரிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வானின் பின்கதவால் ஏறி, பெட்டிக்கு மேல் சப்பாணி கட்டி இருந்தார். இருந்துகொண்டு உள்ளங்கையைக் காட்டி, எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். சிப்பாய்கள் ஏற்கெனவே வீதியின் மறுகரை மதிலுக்குப் பின்னால்தான் நின்றார்கள். அவரை வெடிக்க வைக்காமல் பெட்டியை வெடிக்க வைக்க இனி முடியாது. இழுத்து இறக்குவதற்கு ஒருவரும் கிட்டப் போகத் தயாராக இல்லை.

நான் “அண்ணை, இறங்குங்கோ” என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து, “நீர் அதிலயே இரும், தம்பி. வெயில் படாமல் தலைக்கு எதையாவது வையும்” என்றார்.

வெயில் ஏறியது. அவர் வானுக்குள் வேர்த்து வழிந்துகொண்டு இருந்தார். கொஞ்ச நேரம் நில், எட்ட நில், நடுவில் மறைப்பு வை என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், ஈயத்துக்கும் தனக்கும் நடுவில் ஒரு பலகை மட்டும் இருக்க, அசையாமல் இருந்தார். அவ்வளவு தனியாக ஒரு மனிதர் இருந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. முழு வீதியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அது குண்டு இல்லை, வேண்டுமென்றால் நானும் போய்ப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்து, நீயும் தமிழன்தானே, நீ போய் இருந்தால் இரண்டு பேர் ஆகும், வேறு என்ன ஆகும் என்றார்.

அப்போதுதான் சிறிபால மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். அதுவரை மதிலோரம் குந்தியிருந்து பௌத்தப் பிரித் ஓதிக்கொண்டிருந்தவன். அதிகாரிக்கு முன்னால் போய், சேர், மனைவியும் பிள்ளையும் உள்ள ஒருவன், இன்னொரு பிள்ளைக்கும் ஆசைப்படுகிற ஒருவன், தெரிந்துகொண்டு ஒரு குண்டுக்கு மேல் போய் இருப்பானா என்று கேட்டான். இருக்கமாட்டான் என்றார் அதிகாரி. அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, இடுப்புக் குண்டுகள் கிலுகிலுக்க, வீதியைக் கடந்து போனான்.

வானுக்குள் ஏறியவன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது சுவரடியில் இருந்த எனக்கும் கேட்டது. “மாத்தயா, கொஞ்சம் தள்ளுங்க. நானும் இருக்கிறது.”

மூண்டு மீற்றர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டார். இறங்கடா என்றார், உனக்குப் பிள்ளை இருக்கிறது என்றார், சட்டம் தெரியாதா என்றார். சிறிபால காதில் வாங்காமல் பெட்டியின் ஒரு மூலையில் குந்தினான். பிறகு தொடங்கியது சண்டை. வானில் ஒரு ஈய ஏப்ரன் இருந்தது. மூண்டு மீற்றர் அதை எடுத்துச் சிறிபாலவின் மடியில் போட்டார். அவன் எடுத்து அவருடைய மடியில் போட்டான். அவர் திருப்பிப் போட்டார். அவன் தன்னிடம் ஏற்கெனவே ஈயம் இருக்கிறது என்று இடுப்பைத் தட்டிக் காட்டினான். அந்தக் குண்டுகளால் பயனில்லை என்று எத்தனை தரம் சொல்வது என்று அவர் அந்த இடத்திலும் பாடத்தைத் தொடங்கினார்.

அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். குண்டுக்கு மேல் இருப்பவர்கள் இப்படி இடத்துக்கும் போர்வைக்கும் சண்டை பிடிக்கமாட்டார்கள் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். குண்டு அகற்றும் பிரிவுக்கு வர வேண்டாம் என்று சொன்னார். தானே நடந்து வானடிக்குப் போய், மஞ்சள் அடையாளத்தைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, இருவரையும் பார்த்து, கொண்டுபோங்கள், கவனம் என்றார். காவலுக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு சிப்பாயையும் தந்தார். அந்தச் சிப்பாய் எங்களைவிட்டு அவ்வளவு எட்ட ஓடியதில் அடுத்த சந்தியிலேயே தொலைந்துபோனார்.

ஒருகொடவத்தையில் பானையைக் களஞ்சியத்துக்குள் இறக்கிப் பூட்டியபிறகு, மூண்டு மீற்றர் சிறிபாலவை நிறுத்தி, கருவியால் தலைமுதல் கால்வரை தடவினார். பிறகு சிகரட் பெட்டி ஒன்றைப் பொறுக்கி அதன் பின்பக்கத்தில் நெடுநேரம் கணக்குப் போட்டார். நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தால் படுகிற அளவுகூட இல்லை, அடுத்த பிள்ளைக்குத் தடை ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். சிறிபால அவருடைய காலைத் தொட்டுக் கும்பிடப் போய்விட்டான். தனக்கு எவ்வளவு பட்டது என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. நான்தான் கேட்டுப் பார்க்க வைத்தேன். அதுவும் பயப்படுகிற அளவு இல்லை.

பக்கத்தில் யார்ட் லொறிச் சாரதிகள் சாப்பிடும் முஸ்லிம் கடை ஒன்று இருந்தது. அங்கே போய் இருந்தோம். பிளேன்டீயும் பணிஸ் ரொட்டியும் வந்தன. சிறிபால இரண்டு கையாலும் சாப்பிட்டான். ஏன் அண்ணை ஏறினீங்கள், நீங்களே உங்கட சட்டத்தை மீறலாமோ என்று கேட்டேன். அவர் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“ஆராவது ஒராள் அதோட இருக்க வேணும். சிறிபாலவுக்கு மனுசி, பிள்ளை. உமக்கு ஊரில அம்மா, தங்கச்சி. எனக்கு ஒருத்தரும் இல்லைத்தானே. நான் இருந்தால் நட்டம் குறைவு. அவ்வளவுதான் கணக்கு.”

எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணி மேசையில் சிந்தியது. “அப்ப நாங்கள் ஆர் அண்ணை?” என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சண்டை என்று சிறிபால கேட்டான். அவர் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். அவன் மெல்லுவதை நிறுத்தினான். தன் கையில் மிஞ்சியிருந்த பணிஸைப் பிய்த்து, பாதியை அவருடைய தட்டில் வைத்தான்.

மூண்டு மீற்றர் அந்தப் பணிஸைப் பார்த்தார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிழையான அளவு எடுத்தவர் திரும்பத் திரும்பக் கருவியைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார்.

“அதை நான் கணக்கில எடுக்கேல்லை” என்றார்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு பணிஸைச் சாப்பிட்டார். நல்ல பசி போலிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைக்காரரைக் கூப்பிட்டு, அண்ணைக்கு இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன்.